புளியமரத்தடித் தராசு

1988 மார்கழி. அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து நாலாம் நாள் நர்சம்மா வந்தார்கள். வந்தது எங்கள் தெருவுக்கு இல்லை. ஊரும் சேரியும் பிரிகிற இடத்துப் புளியமரம் வரைக்கும். தராசைக் கிளையில் மாட்டிவிட்டு ஆள் அனுப்பினார்கள், "புள்ளையத் தூக்கியாரச் சொல்லு" என்று. பனி விலகாத காலை. ஆயா பழஞ்சேலையில் சுற்றிக்கொண்டு போனது. மரத்தடியில் சேலையை அவிழ்த்து எடை பார்த்தார்கள். ஒரு கிலோ எழுநூறு. "வெயிட்டு பத்தாது, நல்லாப் பாத்துக்குங்க." நர்சம்மா குழந்தையைத் தொடவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரியே பிள்ளை பால் இழுக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்: எடைக்குறைவு.

அந்தச் சொல்லோடு எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை. அது பொய்யும் இல்லை. எடை குறைந்து பிறக்கிற பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. உடம்பின் அளவுக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். சூடு இறங்கினால் சப்பத் தெம்பிருக்காது, ரத்தத்தில் சர்க்கரை குறையும், கிருமி தொற்றினால் தாங்காது. இதெல்லாம் மருத்துவம் படித்தவர்களுக்குப் பாலபாடம். பனியில் அவிழ்த்ததால்தான் அக்கா பிள்ளை செத்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் புளியமரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்பதைச் சத்தியமாகச் சொல்ல முடியும்.

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கார் ரே என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு, தோலில் தோல் படக் கட்டிவிடுவது. கங்காரு முறை என்று பெயர். ஏழை நாட்டு ஏற்பாடு என்று பலர் இளக்காரமாகப் பார்த்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முடிவு வெளிவந்தது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 1.8 கிலோவுக்கும் குறைந்த 3,211 குழந்தைகள். பிறந்த உடனேயே நெஞ்சோடு சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தது நூற்றுக்கு 12. முதலில் கருவியில் வைத்து, நிலை தேறிய பிறகு தாயிடம் தந்த பிள்ளைகளில் 15.7. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்று டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி.

தொடுதல்தான் மருந்து என்று விஞ்ஞானம் சொல்கிறது. தொடாதே என்பதுதான் இந்த நாட்டின் சமூக ஒழுங்கு.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் என்ற டாக்டர் தம்பதி 39 கிராமங்களில் செய்தது இன்னும் எளிது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிள்ளையைத் தூக்கி, எடை போட்டு, சூடு பார்த்து, கிருமித் தொற்று என்றால் வீட்டிலேயே ஊசி போட்டார்கள். மூன்றாம் வருஷம், ஒப்பீட்டுக்கு வைத்த கிராமங்களோடு பார்த்தால், பச்சிளங்குழந்தைச் சாவு 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. (ஒப்பீட்டுக்கு வைத்த கிராமங்களின் தாய்மாரை நினைக்காமல் அந்தக் கட்டுரையைப் படிக்க என்னால் முடிந்ததில்லை.) 2011இல் அதுவே ஆஷா பணியாளர்களின் வீட்டு வருகைத் திட்டமாக நாட்டுக்கே வந்தது. நல்லது. ஆனால் வீட்டு வருகை என்றால் யார் வீட்டுக்கு?

2006இல் கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களின் தீண்டாமையை ஆராய்ந்து புத்தகமாக்கினார்கள். மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளர் தலித் வீட்டுக்குள் வர மறுக்கிறார். 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டார். ஒதுக்குதலை அவர்கள் அதிகம் உணர்ந்தது மருந்தைக் கையில் கொடுக்கிற நேரத்தில்! 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், எங்கள் வீட்டில் தீண்டாமை உண்டு என்று 27 சதவீதக் குடும்பங்கள் வாய்விட்டே ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொள்ளாதது எத்தனையோ. அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் இதைக் குழந்தைகளின் உயரத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். தீண்டாமை கூடின வட்டாரங்களில், மேல்சாதிப் பிள்ளைக்கும் தலித் பிள்ளைக்கும் உள்ள உயர வித்தியாசமும் கூடியிருக்கிறது. எலும்பு வரைக்கும் போகிறது சாதி.

ஆனாலும் எந்த ஆஸ்பத்திரியின் 'ஆபத்துக் காரணிகள்' பட்டியலை எடுத்தாலும் தாய்தான் குற்றவாளி. தாய்க்கு ரத்தசோகை, தாய்க்கு வயசு பத்தாது, தாய்க்குப் படிப்பில்லை. எங்க அக்கா மேல் இதில் இரண்டைப் போடலாம். ரத்தசோகை எங்கிருந்து வந்தது, பேறுகாலம் வரை யார் கழனியில் நாற்று நட்டாள் என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதிலும் பிள்ளையின் சாதியைத்தான் எழுதுகிறார்கள். தூக்க மறுத்தவரின் சாதியை இல்லை.

தமிழ்நாட்டில் நிலைமை மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, ஆயிரம் பிறப்புக்கு ஒரு மாதத்துக்குள் சாகும் குழந்தைகள் இந்தியாவில் 24.9, இங்கே 12.7. பிரசவம் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான். நம் பிள்ளைகளும் அங்கேதான் பிறக்கின்றன. அந்த 12.7இல் சேரியின் பங்கு எவ்வளவு, வார்டில் எந்தப் பிள்ளையை எத்தனை தரம் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துச் சொல்ல அரசுக்கு என்ன தடை?

அடுத்த இதழுக்கு நமக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் பிறந்த குழந்தையை வீடு வந்து பார்க்கிறவர் வாசல் தாண்டி வருகிறாரா, பாயில் உட்காருகிறாரா, பிள்ளையைக் கையில் வாங்குகிறாரா, தராசு எங்கே மாட்டப்படுகிறது என்று அம்மாக்களிடமும் ஆயாக்களிடமும் கேட்டு எழுதியனுப்புங்கள். போஸ்ட் கார்டில் நாலு வரி போதும். வருஷத்தைக் குறிப்பிடுங்கள். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "மரத்த வெட்டிட்டாங்கடா, ரோடு போட" என்றது.