டிரான்னா பாதி தோல்வியா?

செஸ்ல டிரான்னாலே நம்மாளுகளுக்கு ஒரு இளக்காரம். "ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல, இதுக்கா நாலு மணி நேரம்?" எங்க காரியாபட்டி டீக்கடையிலயும் இதே பேச்சுதான். எனக்கு இதுல உடன்பாடு இல்லை மக்களே. எதிர்ல யார் உக்காந்திருந்தாங்கன்னு பாக்காம டிராவை எடை போடவே கூடாது.

2023 ஆகஸ்ட்ல பாகுவில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்குங்க. நம்ம பிரக்ஞானந்தாவுக்கு வயசு 18. எதிர்ல உலகத்துலயே நம்பர் 1 கார்ல்சன், ரேட்டிங் 2835. ரெண்டு பேருக்கும் நடுவுல நூறு புள்ளிக்கு மேல வித்தியாசம். 22-ந் தேதி முதல் ஆட்டம் 35 நகர்த்தல்ல டிரா. மறுநாள் கார்ல்சனுக்கு வெள்ளைக் காய், ஆனா வயிறு சரியில்ல. 30 நகர்த்தல்ல அதுவும் டிரா. 24-ந் தேதி வேக ஆட்டத்துல 1.5-0.5ன்னு கார்ல்சன் கோப்பையைத் தூக்கிட்டார். சரி, உடம்பு ஒரு காரணம்தான். ஆனா எதிர்ல லேசுப்பட்ட ஆள் இருந்திருந்தா, வெள்ளைக் காயை வச்சுக்கிட்டு அவர் சமாதானமாப் போயிருப்பாரா?

ரேட்டிங் கணக்கே நம்ம பக்கம்தான் இருக்கு. 200 புள்ளி வித்தியாசம்னா, பெரிய ஆளுக்கு ஒரு ஆட்டத்துக்கு சராசரியா 0.76 புள்ளி கிடைக்கணும், சின்னவருக்கு 0.24. டிராவுல சின்னவருக்குக் கிடைக்கிறது 0.5. அதனால 1600 ரேட்டிங் உள்ள ஒரு பள்ளிக்கூடப் பையன் 1800 ஆளை டிரா பண்ணா, பத்து புள்ளிக்கு மேல ஏறும். ஸ்கோர் போர்டுல ரெண்டு பேருக்கும் அரை அரைதான். ஆனா ஒருத்தருக்கு அது வரவு, இன்னொருத்தருக்கு செலவு!

எல்லா டிராவுக்கும் நான் வக்காலத்து வாங்கலீங்க. பத்து நகர்த்தல்ல கைகுலுக்கிட்டு சாப்பிடப் போறவங்களைச் சொல்லல :-) பயத்துல நிமிஷத்துக்கொரு தரம் "டிராவா சார்?"னு கேக்குறதும் தப்புதான். காய் கொறஞ்சு, நேரம் கொறஞ்சு, கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்காம நிக்கிறான் பாருங்க, அந்த டிராவைத்தான் சொல்றேன்.

பாகு டிரா வீணாப் போகலன்றதுக்கு 2024 மே 29-ந் தேதியே சாட்சி. நார்வேயில், கார்ல்சனோட சொந்த மண்ணுலயே, நீண்ட நேர ஆட்டத்துல பிரக்ஞானந்தா அவரை முதல் தடவையா ஜெயிச்சார். மொதல்ல தோக்காம நிக்கக் கத்துக்கணும், ஜெயிக்கிறது அப்புறம் தானா வரும். நீங்க என்ன சொல்றீங்க?