கலயம் குற்றம், தொட்டி கலை: மதுவுக்கும் சாதி உண்டு

நம் ஊர்ப் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் சில மாதங்களிலேயே ஒரு புதிய பூகோளத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். இந்திரா நகர் என்றால் டாய்ட். மக்ராத் சாலை என்றால் ஆர்பர். ஒயிட்ஃபீல்டு என்றால் விண்ட்மில்ஸ். எந்தப் பகுதியில் கோதுமை பீர் நன்றாக இருக்கும், எந்தப் பகுதியில் கறுப்பு ஸ்டவுட் நன்றாக இருக்கும் என்று விடுதி அறையில் விவாதம் நடக்கிறது. வார இறுதியில் பகுதி பகுதியாகப் போய்ச் சுவைத்து, படம் எடுத்துப் போடுவது ஒரு பண்பாடாகவே ஆகிவிட்டது. இதில் ஒழுக்கக் கேடு எதையும் நாம் காணவில்லை. சம்பாதித்த காசில் ஒருவர் பீர் குடிப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலையும் அல்ல.

நமது கேள்வி வேறு. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் எஃகுத் தொட்டியில் தானியத்தை நொதிக்க வைத்தால் அது 'கிராஃப்ட்'. கைவினை, கலை, ரசனை. நரிக்குடிக் கண்மாய்க் கரையில் ஒருவர் பனையேறிக் கலயத்தில் நொதித்த சாற்றை இறக்கினால் அது குற்றம். இரண்டும் நொதித்த பானம்தான். இரண்டிலும் உள்ள ஆல்கஹால் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு?

முதலில் பெங்களூரின் அந்த வரைபடத்தையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பீர் அந்த நகரத்துக்கு வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு. 1809இல் பிரிட்டிஷார் அங்கே கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்துக்குச் சமைக்க, சுமக்க, குதிரை பார்க்க, கழிவை அள்ளத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து போன உழைப்பாளிகளும் அங்கே குடியேறினார்கள். அவர்களில் தலித் மக்கள் ஏராளம். சிப்பாய்களின் தாகத்தை நம்பி வளர்ந்த தென்னிந்திய பீர் ஆலைகளை இணைத்து 1915இல் யுனைடெட் புரூவரீஸ் உருவானது. அதன் பழைய ஆலை இருந்த நிலத்தில்தான் இன்று யு.பி. சிட்டி என்ற ஆடம்பர வணிக வளாகம் நிற்கிறது.

2007 ஜூலை 1 முதல் கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. பாக்கெட்டில் அடைத்து விற்கப்பட்ட அந்தச் சாராயம் கட்டடத் தொழிலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் குடித்தது. சாராயம் பல குடும்பங்களை நாசமாக்கியது உண்மை. தடையை வரவேற்ற பெண்கள் இருந்ததும் உண்மை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அதே மாநிலத்தில் மைக்ரோ புரூவரிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டு, 2010-க்குப் பிறகு அவை பகுதிதோறும் முளைத்தன. ஏழையின் பானம் மூடப்பட்டது. வசதி படைத்தவரின் பானத்துக்கு வாசல் திறந்தது. சாராயம் குடித்தவர் குடியை விடவில்லை, விலை கூடிய பிராந்திக்கு மாறினார். அவ்வளவுதான்.

அந்த வரைபடத்தில் கோரமங்களாவும் உண்டு. பப்களுக்கும் ஸ்டார்ட்-அப் நிறுவனங்களுக்கும் பேர்போன பகுதி. அதை ஒட்டிய ஈஜிபுராவில் ஏழைகளுக்கான குடியிருப்பில் வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் 2013 ஜனவரியில் இடித்துத் தள்ளப்பட்டன. பெரும்பாலும் தலித்துகளும் சிறுபான்மையினருமான அந்த மக்கள் நடைபாதையில் நின்றார்கள். அந்த நிலம் வணிக வளாகத் திட்டத்துக்குப் போனது. பீர் விடுதிகளை மட்டும் குறித்து ஒரு நகரத்தைப் 'பகுதி பகுதியாக' அறியும்போது இந்தப் பகுதிகள் நம் கண்ணில் படுவதில்லை. ஒரு குவளை 300, 400 ரூபாய்க்குக் குடித்துவிட்டு வெளியே வந்தால், அந்தச் சாலையைக் கூட்டுகிற பௌரகார்மிகர் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

இனி நம் ஊருக்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதி. வானம் பார்த்த பூமி. சீமைக்கருவேலமும் கரிமூட்டமும் போக இந்த மண்ணில் தானாக நிற்கும் செல்வம் பனை. பனையேறியின் கருவிகள் தளைநார், பாளை அரிவாள், கடிப்பு, கலயம். பாளையைக் கடிப்பால் நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டி, காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், இறங்குவது கள். சட்டப்படி பதநீர் தொழில், கள் குற்றம். ஒரு விரல் சுண்ணாம்புதான் ஒரு மனிதரைத் தொழிலாளி என்றும் குற்றவாளி என்றும் பிரிக்கிறது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. ஈஸ்டைத் தனியாகச் சேர்க்காமல், திறந்த தொட்டியில் காற்றிலுள்ள ஈஸ்டே நொதிக்க வைக்கும்படி விடுகிறார்கள். உலகெங்கும் உள்ள பீர் ரசிகர்கள் அதைப் பொக்கிஷமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மண்ணின் காற்றே அந்தப் பானத்தின் சுவை என்கிறார்கள். நம் பனையின் உச்சியில் கலயத்துக்குள் நடப்பதும் அதே தானான நொதித்தல்தான். ஆனால் இங்கே ரசிகருக்குப் பதிலாக மதுவிலக்குப் போலீஸ் வருகிறது.

இந்த இழிவின் வேர் தீட்டில் இருக்கிறது. அதற்கான ஆவணம் நரிக்குடிக்கு அருகிலேயே, கமுதியில் கிடைக்கிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. பனைச்சாறு எடுப்பதும் அதிலிருந்து போதைப் பானம் ஆக்குவதும் அச்சாதியின் தொழில் என்பது அவர்களுக்கு எதிரான வாதங்களில் ஒன்றாக இருந்தது. கமுதி நாடார்களில் பலர் அப்போது மரமே ஏறாத வணிகர்கள். இருந்தும் பானத்தின் கறை சாதியின் மீது ஒட்டியது. லண்டனில் அந்தத் தீர்ப்பை எழுதிய கனவான்கள் இரவு உணவோடு ஒயின் அருந்தியிருப்பார்கள். அவர்களை யாரும் தீட்டு என்று சொல்லவில்லை.

இந்த அவமானத்திலிருந்து தப்பிக்கக் கள்ளை விட்டு விலகுவதே வழி என்று ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் பல முடிவெடுத்தன. 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் கள் இறக்குவதைக் கைவிடச் சொன்னது. கேரளத்தில் நாராயண குரு ஈழவ மக்களிடம் அதையே சொன்னார். 1956இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது அண்ணல் அம்பேத்கர் எடுக்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. காங்கிரஸில் இருந்த காலத்தில் கள்ளுக்கடை மறியல் நடத்தித் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிய பெரியார், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். இவர்கள் எல்லாரும் நம் முன்னோடிகள். மதுவை மறுப்பதை ஓர் ஒடுக்கப்பட்ட சமூகம் தன் தன்மானத்துக்காகத் தானே தேர்ந்தெடுப்பதை நாம் மதிக்கிறோம். அதே மறுப்பை மேலிருந்து அரசு சட்டமாக்கி, ஏழையின் பானத்தை மட்டும் குற்றமாக்குவதை ஏற்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டில் நடந்தது இந்த இரண்டாவது வகைதான். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987 முதல் கள் தடை செய்யப்பட்டது. 2003 இறுதியில் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கைக்கு வந்தது. தனியார் ஆலைகள் தயாரிக்கின்றன, அரசு வாங்கி விற்கிறது. 2023-24இல் மட்டும் மது மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மக்கள் தாமே இறக்கும் பானம் குற்றம், அரசு விற்கும் பானம் வருவாய் என்ற ஏற்பாடு புதியதல்ல. 1908இல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஒரு சட்டம் வந்தது. ஆப்பிரிக்கப் பெண்கள் வீட்டில் காய்ச்சிய சோள பீரைக் குற்றமாக்கிவிட்டு, டர்பன் நகராட்சி தானே பீர்க் கூடம் நடத்திக் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு விற்றது. அவர்களை அடக்கி ஆளும் நிர்வாகத்துக்கு அந்த லாபமே செலவானது. 1959இல் கேட்டோ மேனர் பெண்கள் அந்தப் பீர்க் கூடங்களுக்குள் புகுந்து போராடினார்கள். காய்ச்சும் உரிமை யாருக்கு என்பது அங்கே நிறவெறி அரசியலின் கேள்வியாக இருந்தது. இங்கே அது சாதி அரசியலின் கேள்வி.

குவார்ட்டருக்கும் காசில்லாதவர் எங்கே போகிறார்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் அதே நஞ்சுக்குப் பலியானார்கள். மெத்தனால் பனையில் சுரப்பதில்லை. அது தொழிற்சாலைக்கான வேதிப்பொருள். அதைக் கணக்கில்லாமல் வெளியே விடுபவரைப் பிடிப்பது கடினம், பனையடியில் நிற்பவரைப் பிடிப்பது எளிது.

கள்ளுக்கு ஆதரவான குரல் இப்போது பல திசைகளிலிருந்து வருகிறது. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கிக் காட்டினார். கள் தமிழரின் உணவு, தேசிய பானம் என்ற முழக்கம் கேட்கிறது. இந்தப் பெருமிதப் பேச்சை நாம் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. கள் மதுதான். அளவு மீறினால் கள்ளும் கெடுக்கும். பழைய கள்ளுக்கடை சமத்துவத் தலமாக இருந்தது என்று கதை சொல்லவும் வேண்டாம். 'முன்னோர் தொழில்' என்ற புகழ்ச்சிக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தந்தச் சாதி அந்தந்தத் தொழிலைச் செய்து பெருமைப்படட்டும் என்பதுதானே வருணாசிரமம் சொல்வது? பனையேறியின் மகனும் மகளும் மரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பெருமை நமக்கு வேண்டாம்.

நாம் கேட்பது எளியது. தமிழ்நாட்டு அரசு 2021இல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வளர்ப்பை அறிவித்தது, ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றது. மரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு மரம் ஏறுபவருக்கும் வேண்டும். கள் இறக்குவது குற்றம் என்ற நிலை போக வேண்டும். உரிமம் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கிடைக்க வேண்டும். அந்தக் கூட்டுறவில் எந்தச் சாதியினரும் சேரலாம், எவரும் வெளியேறலாம் என்பது விதியாக வேண்டும். முதலாளி ஒருவர் ஏலம் எடுத்துத் தொழிலாளியைப் பிழியும் பழைய கள்ளுக்கடை முறை திரும்பக் கூடாது. பாதுகாப்பாக ஏறும் கருவியும் விபத்துக் காப்பீடும் ஓய்வூதியமும் வேண்டும். கேரளத்தில் கள் தொழிலாளர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நல நிதி இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்னொன்று. தன் ஊரில் மதுக்கடை வேண்டாம் என்று கிராம சபையில் பெண்கள் தீர்மானித்தால் அது செல்ல வேண்டும். கள்ளுக்கடை, டாஸ்மாக், நட்சத்திர விடுதியின் பார் எல்லாவற்றுக்கும் அதே விதி. 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் உழைக்கும் பெண்கள். குடிக்கும் உரிமையைப் பேசும் நாம், குடியால் அடி வாங்கும் பெண்ணின் உரிமையைப் பிறகு பேசலாம் என்று ஒதுக்கி வைக்க முடியாது.

இளம் தோழர்களுக்கு ஒரு சொல். இன்றைய இந்திய கிராஃப்ட் பீரில் மாம்பழம் சேர்க்கிறார்கள், கோகம் சேர்க்கிறார்கள், சிறுதானியம் சேர்க்கிறார்கள். மண்ணின் சுவை என்று விளம்பரம் செய்கிறார்கள். நாளை பனஞ்சாறும் அந்தப் பட்டியலில் சேர்ந்து, அழகான புட்டியில், அழகான பெயரோடு இந்திரா நகரில் விற்பனைக்கு வரலாம். அன்றைக்கு அந்தச் சாற்றை இறக்கியவர் யார், அவருக்கு என்ன விலை கிடைத்தது, அவர் மீது எத்தனை வழக்கு இருக்கிறது என்று கேளுங்கள். கைவினை என்ற சொல்லில் கை இருக்கிறது. நரிக்குடிப் பக்கம் அந்தக் கை இன்றும் வழக்குக்குப் பயந்து கலயத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறது.