போதைக்கு அளவுண்டு, ஒவ்வாமைக்கு?

கஞ்சா என்றவுடன் நம்மவர்க்குப் போலீஸும் சிறைச்சாலையும் நினைவுக்கு வருதல் இயல்பே. கஞ்சாவும் சரஸும் 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தால் விலக்கப்பட்டவை. அவ்விலக்கைத் தளர்த்த வேண்டுமென்று நாம் வாதாட வரவில்லை. 1937-ல் மதுவிலக்கு முதன்முதலாக அமலான சேலம் ஜில்லா கொங்கு நாட்டைச் சேர்ந்ததே என்பதை நாம் மறந்தோமல்லோம்.

ஆனால் அச்செடியின் விதை இத்தடைக்குள் அடங்குவதன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் அவ்விதையையும், அதன் எண்ணெயையும், மாவையும் உணவாக ஒப்புக்கொண்டு விதிகள் வகுத்தது. டி.எச்.சி. என்னும் போதைச் சத்து, ஒரு கிலோ விதையில் 5 மில்லிகிராமையும், ஒரு கிலோ எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டலாகாது. பொட்டலத்தில் கஞ்சா இலையின் படமும் கூடாது. இவையெல்லாம் நல்ல விதிகளே. எனினும், போதையைக் கண்டு அஞ்சும் அளவுக்கு நாம் ஒவ்வாமையைக் கண்டு அஞ்சுவதில்லை.

நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அதன் துகள் சிறிதே போதும். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, உயிருக்கே அபாயம் நேரலாம். கஞ்சா விதையே சிலருக்கு ஒவ்வாததும் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. போதைத் தின்பண்டங்களை 2019 அக்டோபரில் அனுமதித்த கனடா தேசம், ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் டி.எச்.சி. கூடாதென்றதோடு நில்லாமல், ஒவ்வாப் பொருள்களையும் பொட்டலத்தின் மேல் எழுதியே தீரவேண்டுமென்று விதித்தது. இங்கோ, கோவையில் போலீசார் கைப்பற்றும் கஞ்சா சாக்லேட்டுகளில் பால் உண்டா, கடலை உண்டா என்பதை உண்பவன் அறியான், செய்தவன் சொல்லான். உண்டு விழுந்தவனுக்கு வந்தது போதையா, ஒவ்வாமையா என்று வைத்தியரும் தடுமாற நேரும்.

நிற்க. சட்டத்துக்குட்பட்ட தொழிலின் நிலை யாது? 2020-ஆம் வருஷத்து விதிகள் பசையப் புரதமுள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலிய எட்டு வகைகளைப் பொட்டலத்தின் மேல் அறிவிக்கச் சொல்லுகின்றன. எள் அவ்வெட்டில் இல்லை! அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை அறிவித்தாக வேண்டும். சிவகிரியில் எள்ளை ஏலமிடும் நாம் இதில் பின்தங்குவது அழகன்று. மேலும், இப்பொருள்களிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு இந்த அறிவிப்பு வேண்டியதில்லையாம். ஒவ்வாமையை எழுப்புவது புரதம். சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய இராது. செக்கெண்ணெயிலோ எஞ்சி நிற்கக்கூடும். காலையில் கடலையும், பகலில் எள்ளும் ஆடிய செக்கில் மாலையில் கஞ்சா விதையை ஆட்டினால், முன்னவற்றின் மிச்சம் பின்னதில் கலவாதிருக்குமா?

சிறு தொழிலாளி இப்பாரத்தைத் தாங்குவானா என்று சிலர் கேட்பர். நாம் கேட்பது ஆய்வுக்கூடமன்று. ஒவ்வாமைப் பொருள் இல்லாததை முதலிலும், உள்ளதைக் கடைசியிலும் ஆட்டுக. இடையில் செக்கையும், சல்லடையையும், பீப்பாயையும் பிரித்துக் கழுவுக. தனிச் செக்கு வைக்க இயலாதவர் 'இச்செக்கில் கடலையும் எள்ளும் ஆட்டப்படுகின்றன' என்று மறையாது எழுதுக. இதற்கு மை ஒன்றே செலவு. ஆட்டுக்கல்லை யந்திரமாக்கிய கோயமுத்தூர்த் தொழில் வல்லுநர்கள், எளிதில் கழற்றிக் கழுவத்தக்க செக்கொன்றை ஆக்கித் தரமாட்டார்களா?

சர்க்காரின் கடமையும் உண்டு. எள்ளை ஜாபிதாவில் சேர்த்தல் வேண்டும். செக்கெண்ணெய்க்குரிய விலக்கை நீக்கல் வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கஞ்சா விதைப் பண்டங்களில் போதையை மட்டும் அளந்து திருப்தியடையலாகாது. கடலையும் எள்ளும் கலந்திருக்கின்றனவா என்றும் சோதித்தல் வேண்டும். தேச சேவையில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊர்ச் செக்குக்காரர்களிடம் இவற்றை இப்பொழுதே எடுத்துரைப்பார்களாக. விபத்தொன்று நேர்ந்தபின் வரும் விசாரணைக் கமிட்டியால் போன உயிர் மீளாது.