அரை சென்ட் வரியும் நிழலில்லாத நிறுத்தமும்

ஜூலை பிறந்துவிட்டால் தெற்கு அரிசோனாவில் பிற்பகல் வானத்தை நம்ப முடியாது. பீனிக்ஸிலிருந்து டூசான் போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் ஈலாய் தாண்டிப் பிக்காச்சோ மலையை நெருங்கும்போது, அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழும். ஹபூப் என்று அங்கே சொல்லும் புழுதிப்புயல் அது. சில நொடிகளில் முன்னால் போகும் லாரி மறைந்துவிடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறது. சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்து. எல்லா விளக்குகளையும் அணை, எச்சரிக்கை விளக்கையும் சேர்த்து. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, மிதிபிரேக்கிலிருந்து காலை எடு.

புதிதாக வந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். கண் தெரியாதபோது விளக்கைப் போடத்தானே வேண்டும்? ஆனால் பின்னால் வருபவர், எதிரே தெரியும் சிவப்பு விளக்கை ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்று நினைத்து அதன் பின்னாலேயே வருவார். நின்றிருக்கும் காரில் வந்து மோதுவார். பிரேக்கை மிதித்தபடி நின்றால் பின்விளக்கு எரியும் என்பதால்தான் காலையும் எடுக்கச் சொல்கிறார்கள். 2020-இல் இந்தப் பகுதியில் சுமார் 10 மைல் நீளத்துக்குப் புழுதியைக் கண்டறியும் கருவிகளும், வேக வரம்பை 75 மைலிலிருந்து 35 மைல் வரை குறைத்துக் காட்டும் மின்பலகைகளும் வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஒருவர் விளக்கை அணைக்க மறந்தால், ஒழுங்காக நிறுத்தியவருக்கும் சேர்த்து ஆபத்து.

சாலையில் எதிர்பார்க்கும் இந்த ஒழுங்கை, சாலைக்கான பணத்தில் அரிசோனா எந்த அளவு கடைப்பிடிக்கிறது?

முதலில் பாராட்டைச் சொல்லிவிடலாம். வரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மாநிலம் இது. அங்கே பீனிக்ஸ் நகரை உள்ளடக்கிய மாரிகோபா கவுண்டி மக்கள், போக்குவரத்துக்காகத் தங்கள் மீதே மூன்று முறை வரி போட்டுக்கொண்டார்கள். கடையில் ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் அரை சென்ட். 1985-இல் முதல் வாக்கெடுப்பு, 2004-இல் இரண்டாவது, 2024 நவம்பரில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இருபது ஆண்டுகளுக்கு. லூப் 101, லூப் 202 என்று வட்டாரத்தைச் சுற்றி ஓடும் ஃப்ரீவேக்கள் பெரும்பாலும் இந்த அரை சென்ட்டில் எழுந்தவை. 1990 வரை ஐ-10 கூட பீனிக்ஸ் நகருக்குள் முழுமையாக இணைக்கப்படாமல் கிடந்தது என்பதை நினைத்தால், இது சின்ன மாற்றமில்லை.

மூன்றாவது வாக்கெடுப்பு எளிதில் வரவில்லை. வட்டார மேயர்கள் கட்சி பார்க்காமல் ஒரே திட்டத்துக்குப் பின்னால் நின்றும், 2022-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் டக் டூசி வாக்கெடுப்புக்கு அனுமதி தரும் மசோதாவை வீட்டோ செய்தார். 2023-இல் சட்டமன்றம் தன் விருப்பப்படி மாற்றி அனுப்பியதை ஜனநாயகக் கட்சி ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் வீட்டோ செய்தார். பிறகு பேரம் பேசி, அதே ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தானது. வரிப்பணத்தில் ஃப்ரீவேக்களுக்கு 40.5 சதவீதம், பெருந்தெருக்களுக்கு 22.5, பொதுப் போக்குவரத்துக்கு 37. விலையும் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. நகரத் தெருக்களில் ஓடும் லைட் ரயிலின் பாதையை இந்தப் பணத்தில் நீட்டிக்கக் கூடாது.

உடன்பாட்டை வரவேற்கலாம். இந்த நிபந்தனையை வரவேற்க முடியாது. ஐம்பது லட்சத்தை நெருங்கும் மக்கள் வாழும் வட்டாரத்தில் இருபது ஆண்டுக்கு ஒரு வகைப் போக்குவரத்தை முன்கூட்டியே விலக்கிவைப்பது திட்டமிடல் அல்ல, பிடிவாதம்.

ஆனால் ரயிலை எதிர்த்தவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் என்று சொன்னால் அது நேர்மையில்லை. தெற்கு பீனிக்ஸில் சென்ட்ரல் அவென்யூ வழியாகப் பாதை வருகிறது என்றதும், அங்கிருந்த சிறு கடைக்காரர்கள் பலர் கொதித்தார்கள். நான்கு தடச் சாலை இரண்டாகக் குறையும், தோண்டிப்போட்ட தெருவைத் தாண்டி வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அவர்கள் அச்சம். அங்கே தொடங்கிய எதிர்ப்பை வெளியிலிருந்த ரயில் எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்துக்கொள்ள, 2019 ஆகஸ்டில் அது நகரம் முழுவதற்குமான வாக்கெடுப்பாக மாறியது. ரயிலை நிறுத்தும் யோசனையை மக்கள் பெரும்பான்மை வாக்குகளால் தோற்கடித்தார்கள். 2025 ஜூனில் அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் பெருமளவில் வாழும், நகரம் நீண்ட காலம் திரும்பிப் பார்க்காத பகுதிக்கு அது வந்து சேர்ந்தது நல்ல செய்தி. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலையில் வியாபாரம் இழந்தவர்களுக்கு அது தாமதமாக வந்த நல்ல செய்தி. ஊருக்கெல்லாம் பயன் தரும் பாதைக்கு ஒரு தெரு மட்டும் விலை கொடுப்பது நியாயமில்லை. அடுத்த திட்டத்தில் கடைக்காரர்களுக்கான இழப்பீட்டுத் தொகையைத் தண்டவாளச் செலவோடு சேர்த்தே எழுத வேண்டும்.

இனி, பணம் இருக்கும் இடத்துக்கு வருவோம். அரிசோனாவில் போக்குவரத்துக்கு மூன்று உண்டியல்கள். மூன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. பெட்ரோல் வரி வசூல் சாலைக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்று மாநில அரசியல் சட்டமே சொல்கிறது. அதில் ஒரு பேருந்து வாங்க முடியாது. விமான நிலைய வருமானத்தை விமான நிலையத்துக்கு வெளியே திருப்பக் கூடாது என்பது மத்தியச் சட்டம். மீதி இருப்பது விற்பனை வரி. பேருந்து ஓட வேண்டுமானால் பெரும்பாலும் அதையே நம்ப வேண்டும்.

பெட்ரோல் வரியின் கதை இன்னும் விசித்திரம். ஒரு காலனுக்கு 18 சென்ட். 1991-இல் நிர்ணயித்தது, இன்றும் அதே 18 சென்ட். விலைவாசியோடு ஒப்பிட்டால் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மின்சாரக் கார் வைத்திருப்பவர் அதையும் கட்டுவதில்லை. வரியை உயர்த்த சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று 1992-இல் வாக்காளர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் எந்தக் கட்சியும் இந்த வரியைத் தொடத் துணியவில்லை. விளைவு என்ன? சாலையை அதிகம் தேய்ப்பவர் குறைவாகக் கொடுக்கிறார். கார் இல்லாத முதியவர் பற்பசை வாங்கும்போதும் ஃப்ரீவேக்கு அரை சென்ட் கொடுக்கிறார். பக்கத்து பினால் கவுண்டி மக்கள் 2017-இல் இதே போன்ற அரை சென்ட் வரிக்கு வாக்களித்தார்கள். 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மக்கள் தயாராக இருந்தாலும் சட்டம் வழிவிட வேண்டுமே!

விமான நிலையத்தைப் பாருங்கள். ஸ்கை ஹார்பரை பீனிக்ஸ் நகராட்சி 1935-இல் வாங்கியபோது அது வயல்களுக்கு நடுவே இருந்தது. 'பண்ணை' என்றுதான் அதற்குப் பட்டப்பெயர். இன்று ஆண்டுக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பயணிகள். விமான நிறுவனங்களும் பயணிகளும் தரும் கட்டணத்தில் தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது. 44-ஆம் தெரு லைட் ரயில் நிலையத்திலிருந்து முனையங்களுக்கு, 2013 முதல், ஸ்கை ட்ரெய்ன் இலவசமாக ஓடுகிறது. மூன்று உண்டியல்களையும் மீறி ரயிலும் விமானமும் கைகோத்த இடம் அது. அங்கே இறங்குவோரில் பெட்டியோடு வருபவர்கள் உண்டு. துடைப்பத்தைப் பிடிக்கவும் சமையலறையில் நிற்கவும் வருபவர்களும் உண்டு.

அதே விமான நிலையத்தில் வெயிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. 1990 ஜூன் 26-இல் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த வெப்பத்துக்கு விமானங்களின் செயல்திறன் அட்டவணையில் கணக்கே இல்லை என்பதால் பறப்பதை நிறுத்திவைத்தார்கள். 2017 ஜூனிலும் சுமார் 48 டிகிரி வரம்பைத் தாண்டுமென்று சிறு ரக விமானங்கள் டஜன் கணக்கில் ரத்தாயின. சரியான முடிவுதான். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மனிதருக்கு அப்படி ஒரு அட்டவணை இல்லை. 2023 ஜூன் 30 முதல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் காய்ந்தது. தார்ச்சாலையில் கால் இடறி விழுந்தவர்கள் தீக்காயத்துடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு மாரிகோபா கவுண்டியில் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. அதில் கணிசமானோர் வீடற்றவர்கள். எல்லா மரணத்தையும் பேருந்து நிறுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் நிழல் இல்லாத கம்பத்தடியில் அரை மணி நேரம் ஒருவரைக் காத்திருக்கவிடுவதை இந்த ஊரில் பொதுப் போக்குவரத்து என்று சொல்லக் கூடாது. புதிய வரியின் முதல் ஆண்டுகளிலேயே, ஃப்ரீவே அகலப்படுத்தும் வேலைக்குக் கொடுக்கும் அவசரத்தை நிறுத்தங்களின் கூரைக்கும் கொடுக்க வேண்டும்.

சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதை வேற்றூர்க்காரர் சங்கதியாக நினைக்க வேண்டாம். சிப் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலர். வீட்டுக்கு இரண்டு கார். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கோ கார் ஓட்ட வராது. ஆறு மாதமும் வீட்டுக்குள்தான். விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, வரி உண்டு. நகராட்சிக் கூட்டங்களிலும் வட்டாரப் போக்குவரத்துத் திட்டங்களின் கருத்துக்கேட்பிலும் பேச வாக்காளர் அட்டை தேவையில்லை. உங்கள் தெருமுனை நிறுத்தத்துக்குக் கூரை எப்போது வரும் என்று அங்கே கேளுங்கள். வாக்கு உள்ளவர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: 1991-இன் 18 சென்ட்டை எப்போது தொடப் போகிறீர்கள்?