ஒரு கையில் டெபாசிட், மறு கையில் கடன்

நடுத்தரக் குடும்பத்து பீரோவில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் ரசீது இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டுப் புடவைக்கு அடியில், பத்திரமாக. அதே வீட்டுக்கு மாதம் தவறாமல் ஒரு கிரெடிட் கார்டு பில் வரும். முன்பெல்லாம் தபாலில் வந்தது, இப்போது செல்போனில் வருகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. டெபாசிட் மகளின் படிப்புக்கு. பில் போன தீபாவளிக்கு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அல்லது, தோன்றினாலும் துணிவு வருவதில்லை.

எழுதிப் பார்த்தால் என்ன தெரியும்? புனேயிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பிடித்தம் போக மாதம் கைக்கு வருவது ரூ 52,000. 15 சதவீத வட்டியில் பர்சனல் லோன் பாக்கி ரூ 2 லட்சம். இன்னும் மூன்று வருடம் மாதாமாதம் ரூ 6,933 கட்ட வேண்டும். கிரெடிட் கார்டில் பாக்கி ரூ 80,000. சேமிப்பும் இல்லாமல் இல்லை: டெபாசிட்டில் ரூ 60,000, சேமிப்புக் கணக்கில் ரூ 25,000. போதாததற்கு மாதம் ரூ 3,000 ரெக்கரிங் டெபாசிட் வேறு. பார்ப்பதற்குப் பொறுப்பான மனிதர்.

கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ரூ 80,000க்கு ரூ 2,800. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ 504. ஆக ரூ 3,304. பல வங்கிகள் 'குறைந்தபட்சத் தொகை' என்று கேட்பது பாக்கியில் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது ரூ 4,000. அதைத் தவறாமல் கட்டி வருபவர், தான் ஒழுங்காகக் கடனை அடைத்து வருவதாக நினைக்கிறார். அந்த நாலாயிரத்தில் அசலைக் குறைப்பது ரூ 696தான். இதே நாலாயிரத்தைக் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் இடையில் கார்டைத் தொடாமல் இருந்தால். பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத அவகாசம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். இது பலருக்குத் தெரியாது.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு ஏதும் இல்லையா? ஒரு காலத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. வட்டியை வங்கியே நிர்ணயிக்கும்.

மறுபக்கம் பார்க்கலாம். 6.5 சதவீத வட்டியில் ரூ 60,000 டெபாசிட் மாதம் சம்பாதிப்பது ரூ 325. அதே ரூ 60,000 கார்டு பாக்கிக்கு மாதம் அழும் வட்டியும் வரியும் ரூ 2,478. ஆக, அந்த டெபாசிட் ரசீதைப் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்க நம் புனேக்காரர் கொடுக்கும் வாடகை மாதம் ரூ 2,153.

டெபாசிட்டை உடைத்து ரூ 60,000ஐக் கார்டில் கட்டினால் மிச்சம் ரூ 20,000. கெடுவுக்கு முன் எடுப்பதால் வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறையலாம். அது இங்கே ஒரு பொருட்டே அல்ல. ரெக்கரிங் டெபாசிட்டையும் நிறுத்தி, அந்த மூவாயிரத்தையும் வழக்கமான நாலாயிரத்தையும் சேர்த்து மாதம் ரூ 7,000 கட்டினால் நாலாவது மாதம் கார்டு பாக்கி பூஜ்யம். டெபாசிட்டைத் தொடாமல் அதே ரூ 7,000 கட்டினால் 16 மாதம்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் யாரும் செய்வதில்லை? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் பல வருடம் ஆராய்ந்த விஷயம் இது. 2017ல் நோபல் பரிசு பெற்றவர். மனிதர்கள் பணத்தைப் பணமாக மட்டும் பார்ப்பதில்லை, அதற்குப் பெயர் சூட்டித் தனித்தனி உறைகளில் போடுகிறார்கள், ஒரு உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தயங்குகிறார்கள் என்பது அவர் சொன்னது. நம் பாட்டிகளுக்கு இதைச் சொல்ல நோபல் பரிசு தேவைப்பட்டிருக்காது. அரிசிப் பானைக்குள் ஒரு முடிச்சு, கடுகு டப்பாவில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று. தமிழில் சிறுவாட்டுப் பணம் என்கிறோம். வங்காளத்தில் லட்சுமியின் பெயரில் மண் கலயம், இந்தி பேசும் வீடுகளில் குல்லக். பெயர்தான் வேறு.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உடைத்த டெபாசிட் மறுபடி சேராது என்ற பயம் அனுபவத்தில் வந்தது. கார்டு பாக்கி தீர்ந்த மறு மாதம் கார்டு மறுபடி நிரம்பும், டெபாசிட்டும் போயிருக்கும். இப்படி இரண்டையும் இழந்த குடும்பங்கள் உண்டு. 15 சதவீத பர்சனல் லோன் வாங்கி 42 சதவீதக் கார்டை அடைப்பவர்களுக்கும் இதே கதிதான் பல நேரம். வட்டிக் கணக்கில் அது சரியான காரியம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும்.

கடனில் இருக்கும்போது சேமிக்கலாமா என்ற கேள்விக்கு, வங்கிகள் நடுத்தர வர்க்கத்தைத் தேடிவந்து கார்டு கொடுப்பதற்கு வெகு முன்பே, அகமதாபாத்தில் ஒரு பதில் கிடைத்தது. காலையில் கடன் வாங்கிக் காய்கறி எடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பித் தந்த தெருவோர வியாபாரிகள், துணி மூட்டை சுமந்தவர்கள், பீடி சுற்றியவர்கள். இந்தப் பெண்களுக்காக இலா பட் 1972ல் தொடங்கிய சேவா சங்கத்திலிருந்து 1974ல் ஒரு கூட்டுறவு வங்கி பிறந்தது. நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எப்படிக் கணக்கு வைப்பது என்று கேட்டார்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்து அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

அங்கே வந்த பெண்கள் எல்லோருமே கடனாளிகள். வட்டிக்கடைக்காரரிடம் கடன், அடகில் நகை. 'முதலில் கடனை அடை, பிறகு சேமிக்க வா' என்று வங்கி சொல்லவில்லை. பழைய கடனை அடைக்கவும் நகையை மீட்கவும் கடன் கொடுத்தது. கூடவே சிறு தொகையாவது சேமிக்கச் சொன்னது. காரணம், வட்டி விகிதம் அல்ல. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மழையில் வியாபாரம் படுத்தால், கையில் ஐம்பது ரூபாய் இல்லாதவள் மறுபடி அதே வட்டிக்கடைப் படியைத்தான் ஏறுவாள். வீட்டில் வைத்த பணத்துக்குக் கணவரும் மகனும் பங்காளிகள். வங்கியில் தன் பெயரில் இருப்பது அவள் பணம். இலா பட் 2022ல் காலமானார். வங்கி இருக்கிறது.

ஆக, கணக்கு நோட்டும் சரி, அகமதாபாத் பெண்களும் சரி. இரண்டையும் பொருத்துவதற்குச் செய்ய வேண்டியது, சேமிப்பின் அளவைத் திட்டமாக நிர்ணயிப்பது. கார்டு கடன் இருக்கும்வரை, வாடகை, மளிகை, மருந்துக்கு ஒரு மாதம் தாங்கும் தொகை போதும். நம் புனேக்காரருக்கு அது அந்த ரூ 25,000. அதற்கு இன்றைய சேமிப்பு வட்டி அற்பம். ரிசர்வ் வங்கி 2011 அக்டோபரில் சேமிப்பு வட்டியை வங்கிகளிடமே விட்டது. பெரிய வங்கிகள் 2025ல் 2.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன. வருடத்துக்கு ரூ 625. போகட்டும். இது சம்பாதிக்க வைத்த பணம் அல்ல, காவலுக்கு வைத்தது.

அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சம்பளம் வரும் கணக்கில் இருக்கக் கூடாது. கார்டோ லோனோ கொடுத்த வங்கியிலும் வேண்டாம். தவணை தவறினால் வாடிக்கையாளரின் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பது வழக்கம். ஆஸ்பத்திரிக்கு ஓடும் நாளில் கணக்கு காலியாக இருந்தால் யாரிடம் முறையிடுவது? வேறு வங்கியில், செல்போனில் இணைக்காமல் இருப்பது நல்லது. 2016ல் யு.பி.ஐ. வந்த பிறகு எல்லாக் கணக்கும் ஒரே சட்டைப் பையாகிவிட்டது. அரிசிப் பானையில் இருந்த பணத்தை எடுக்கக் கையையாவது விட வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கு தவணைகளுக்கு. சம்பளம் வந்த அன்றே தவணைத் தொகைகள் தானாக அங்கே போய்விட வேண்டும். ஐந்தாம் தேதி வங்கி வந்து பார்க்கும்போது பணம் இல்லையென்றால் அபராதம் இருபக்கமும் விழும். மின்னணு முறையில் எடுக்கப்படும் தவணை பணமின்றித் திரும்பினால், 2007ம் வருடச் சட்டப்படி செக் திரும்பியதுபோலவே வழக்கும் வரலாம். சம்பளக் கணக்கில் மீதி இருப்பதைத்தான் வீட்டுச் செலவு என்று கொள்ள வேண்டும். பாஸ்புக்கில் பெரிய தொகையைப் பார்த்துவிட்டு மாத முதல் வாரத்தில் தாராளமாகிவிடும் கைக்கு இது ஒரு கடிவாளம்.

அதற்காக ஆசைக்கொரு கணக்கு திறப்பதும் வியாதிதான். வேலை மாறும்போதெல்லாம் ஒரு சம்பளக் கணக்கு பின்தங்கும். சம்பளம் நின்றதும் பல வங்கிகளில் அது சாதாரணக் கணக்காகி, குறைந்தபட்ச இருப்பு கேட்கும். இரண்டு வருடம் தொடாவிட்டால் செயல்படாத கணக்கு. பத்து வருடமானால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். தேடி எடுக்க 2023ல் 'உத்கம்' என்ற இணையதளம் வந்திருக்கிறது என்றாலும், தொலைக்காமல் இருப்பது சுலபம். மூன்று கணக்கு போதும்.

பட்ஜெட் எழுதும் குடும்பங்கள் பெரும்பாலும் தோற்பது மாதச் செலவில் அல்ல. பாலும் மளிகையும் எல்லோருக்கும் அத்துப்படி. கவிழ்ப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகள். தில்லியில் ஏப்ரல் பிறந்தால் பள்ளிக் கட்டணம், கல்கத்தாவில் பூஜைத் துணிமணி, எங்கும் இன்ஷூரன்ஸ் பிரீமியம், கோடை விடுமுறையில் நாலு பேர் ஊருக்குப் போய்வரும் ரயில் டிக்கெட். இவை எதுவும் எதிர்பாராத செலவு அல்ல. தேதி தெரிந்தே வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் கார்டுதான் கட்டுகிறது. பள்ளிக்கு ரூ 24,000, பிரீமியம் ரூ 9,600, பண்டிகைக்கும் ஊருக்கும் ரூ 20,400 என்றால் மொத்தம் ரூ 54,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ 4,500. இதை மாதத் தவணையாகவே கருதி, தவணைக் கணக்கிலேயே சேர்த்துவர வேண்டும். கார்டு தீரும்வரை முதல் நாலு மாதம் இதற்குப் பணம் இருக்காது. அந்த நாலு மாதம் பள்ளிக் கட்டண மாதத்தில் வந்து விழாமல் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை, என்கிறது கணக்கு. மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி கிடையாது. எனவே அது கடைசி. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. இந்த வட்டி எந்த அட்டவணையிலும் வராது. கார்டு கடனுக்கு நடுவே அவருக்கும் மாதம் ஆயிரம் கொடுப்பவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொல்லிவிட்டுத் தாமதிப்பதும் ஒரு வழி.

வட்டி எது அதிகம் என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. '12 சதவீதம்தான், ஃப்ளாட்' என்று விற்கப்படும் மூன்று வருடக் கடன், குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் ஏறக்குறைய 21 சதவீதம். அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குவதுதான் ரகசியம். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான வருடாந்திர விகிதத்தைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுவதற்கு முன் அந்தத் தாளைத் தேட வேண்டும்.

நாலு மாதம் கழித்துப் புனேக்காரருக்கு மாதம் ரூ 7,000 விடுபடுகிறது. ரூ 4,500 வருடச் செலவு நிதிக்குப் போனால் மீதி ரூ 2,500. அதை பர்சனல் லோன் அசலில் கட்டலாமா என்றால், ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான். நிலையான வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்பதுண்டு. பகுதிப் பணம் கட்ட வருடத்துக்கு இத்தனை முறைதான் என்ற நிபந்தனையும் இருக்கலாம். அதுவரை காவல் கணக்கை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு வளர்ப்பது மோசமான யோசனை இல்லை.

கார்டை என்ன செய்வது? வேண்டாம் என்று முடிவு செய்தால், பாக்கி இல்லாத பட்சத்தில், கேட்ட ஏழு வேலை நாளுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022ல் விதித்திருக்கிறது. மூடியதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துக் கடன் தகவல் அறிக்கையை வரவழைத்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அடைத்த கடன் அதில் இன்னும் பாக்கியாக நின்றால், அங்கேயே ஆட்சேபம் எழுதலாம்.