மெதுவாக ஓடுவதும் பயிற்சியே

நாப்ஃபா உடலுறுதித் தேர்வு நெருங்கும்போது, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்திற்காகப் பல மாணவர்கள் திடலில் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுள் பலர் முதல் சுற்றிலேயே முழு வேகத்தில் பாய்கிறார்கள். மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்க நடக்கிறார்கள். மறுநாள் கால்வலி, அடுத்த வாரம் பயிற்சியே நின்றுவிடுகிறது. பெரும்பாலான நாள்களில் மெதுவாக ஓடினால்தான் ஓட்டத்திறன் வளரும் என்பது என் கருத்து.

எளிய வேகத்தில் சீராக நெடுநேரம் ஓடும்போது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. இம்மாற்றங்கள் ஏற்படப் பல வாரங்கள் ஆகும். நாள்தோறும் முழு வேகத்தில் ஓடினால், களைப்பிலிருந்து மீள்வதற்கே உடலுக்கு நேரம் போதாது.

சரியான வேகத்தை அறிய விலையுயர்ந்த கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே நண்பரிடம் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தடையின்றிப் பேச முடிந்தால், அதுவே சரியான வேகம். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால், வேகத்தைக் குறைக்க வேண்டும். சிங்கப்பூரின் வெப்பமும் ஈரப்பதமும் இதயத்தின் வேலையைக் கூட்டுகின்றன. காலையில் எளிதாக இருந்த வேகம் பிற்பகலில் கடினமாகலாம். ஆகவே, மூச்சையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

“மெதுவாக ஓடிப் பழகினால், தேர்வில் எப்படி விரைவாக ஓட முடியும்?” என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். விரைவோட்டப் பயிற்சியும் தேவை. ஆனால், வாரத்தில் நான்கு நாள் ஓடுபவருக்கு அது ஒரு நாள் போதும். கென்யாவின் எலியுட் கிப்சோகே, 2022இல் பெர்லின் நெட்டோட்டத்தை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம்கூட ஆகவில்லை. அவரும் பல பயிற்சி நாள்களில் அதைவிட மிக மெதுவாகவே ஓடினார்.

அப்படியிருந்தும் மெதுவாக ஓட நாம் தயங்குவது ஏன்? பிறர் சிரிப்பார்களோ என்ற கூச்சமே காரணம். கேலிக்கு ஆளானவர் ஓட்டத்தையே வெறுத்துவிடக்கூடும். எனவே, பின்தங்குபவரைப் பார்த்துச் சிரிக்காமல், அவரோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பார்கள். தேர்வுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே பயிற்சியைத் தொடங்கினால், பதற்றமின்றி ஓடலாம். தேர்வு முடிந்த பிறகும் ஓட விருப்பம் இருக்கும்.