வேலை முடிந்த பிறகு



மார்கழி பிறக்கப் போகிறது. சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் அச்சாகிவிட்டன. பொங்கல் நெருங்க நெருங்க நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குக் கொட்டகை எழும்பும். பாட்டும் புத்தகமும் ஒரே நேரத்தில் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மலிவாக வந்து நிற்கும் பருவம் சென்னையில் இது ஒன்றுதான். இந்த இதழை ஒரு குறிப்பிட்ட வாசகரை மனத்தில் வைத்துத் தயாரித்தோம். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர். பழைய மகாபலிபுரம் சாலையிலோ அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ வேலை. வேளச்சேரியில் நண்பர்களோடு ஒரு வீடு, அல்லது திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறை. சம்பளம் ஏறியதும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் மாதத்தை ஓட்டுபவர்.

இவர்கள் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரியில் இருந்தபோது நிறைய வாசித்தார்களாம், பாட்டுக் கேட்டார்களாம். இப்போது எதற்கும் நேரமில்லையாம். இதை ஏதோ தப்புச் செய்துவிட்டவர்களைப் போல எழுதுகிறார்களே என்பதுதான் என் வருத்தம். நேரமில்லை என்பது உண்மை. விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடி, இருட்டிய பின் இறங்கி வருகிறவரிடம் போய் வாசிப்பின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, நூறாண்டுக்கு முன் இதே ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள் இருந்தன. பி அண்டு சி மில் என்றால் வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். சமயச் சொற்பொழிவுகள் நடக்கும் சபை அது. ஆலைத் தொழிலாளர்களும் அங்கே வந்துபோனார்கள். வந்தவர்களின் குறைகள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அவற்றில் முக்கியமானது. 1918-இன் தொடக்கத்தில் திரு.வி.க. அந்தச் சபைக் கூட்டத்தில் பேசினார். பி.பி. வாடியாவும் தொழிலாளர்களின் பக்கம் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஐந்தாண்டு கழித்து, 1923 மே முதல் நாளன்று, சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார்.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் பிடித்திருப்பது அந்தச் சபைதான். தறிச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் நிற்பவனிடம்கூட வாய்விட்டுப் பேச முடியாது. வேலை முடிந்து, யாரோ சொல்லும் கதையைக் கேட்கப் போய் உட்கார்ந்த இடத்தில்தான் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சாவகாசமாகப் பார்த்திருக்க வேண்டும். ஓய்வு நேரம் அவர்களுக்கு முதலில் கிடைத்த சொத்து. அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் கொஞ்சம் ஓய்வைக் கேட்டார்கள்.

அந்தச் சண்டை முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதும், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நேற்று நடந்ததுபோல இருக்கிறது. உங்கள் மாலைப் பொழுது பலர் போராடி வாங்கிக் கொடுத்தது. இரவு பத்து மணிக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கேள்விக்குக் காலையில் பதில் போட்டால் போதும் என்று இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கச்சேரி. மாலைக் கச்சேரிகளுக்குத்தான் டிக்கெட், கூட்டம் எல்லாம். பகல் நேரக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. நேராக உள்ளே போய் உட்காரலாம். மேடையில் இருப்பவர்களும் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்களாக இருப்பார்கள். ராகம் தெரியாது என்று தயங்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். முக்கிய உருப்படி முடிகிற கட்டத்தில் பாடகர் நிறுத்திக்கொள்ள, மிருதங்கக்காரரிடம் மேடை போகும். தனி ஆவர்த்தனம். இந்த நேரம் பார்த்து அரங்கில் பாதிப்பேர் எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். கீரை வடை எங்கேயும் ஓடிவிடாது. கர்நாடக இசைக்குப் புதியவர் ஒருவர் எந்த முன்னறிவும் இல்லாமல் முழுதாக ரசிக்கக்கூடிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம். மிருதங்கம் நீளமாக ஒன்று சொல்லும். கடமோ கஞ்சிராவோ அதற்குப் பதில் சொல்லும். பேச்சு வரவரச் சுருங்கும். நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு தாளச் சுற்று, இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், ஒன்று பாதியாகும். குறைப்பு என்பார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரே வேகத்தில் ஏறி, கோர்வையை மூன்று முறை வாசித்து, பாடகர் விட்ட இடத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்து நீங்களும் எட்டு எண்ணிக்கொண்டிருந்தால், அந்தக் கடைசி அடி விழும்போது கை தானாகத் தட்டும். இந்தக் கச்சேரி அமைப்புக்கு இன்றைய வடிவம் தந்தவர் அரியக்குடி இராமாநுஜ அய்யங்கார் என்பார்கள். கடைசியில் வரும் சின்னச் சின்னத் துக்கடாக்கள் வரை புதியவர்களையும் நினைத்துக் கட்டிய வீடு அது.

இந்தச் சபாக்களின் வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கிய நாள் முதல் வளர்ந்துவந்த இந்த விழாவில் நெடுங்காலம் ஊரின் ஒரு பகுதியினருக்குத்தான் இடம் இருந்தது. அதனால்தான் 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் மேடை போட்டபோதும், 2020-இல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கிக் கானாவும் ஒப்பாரியும் பறையும் மார்கழி மேடைக்கு வந்தபோதும் மனம் நிறைந்தது. முடிந்தால் இரண்டு பக்கமும் போய்க் கேளுங்கள். ஒரே வாரத்தில் தனி ஆவர்த்தனமும் பறையும் கேட்டவருக்குத் தோல் கருவிகளைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்காது.

கச்சேரிக்குப் போக வாய்ப்பில்லாதவர்களுக்கு வானொலி இருக்கிறது. இந்த ஊருக்கும் வானொலிக்கும் பழைய உறவு. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டி இங்கே ஒரு வானொலிக் கழகம் தொடங்கினார். பணமில்லாமல் அது நின்றபோது ஒலிபரப்புக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 முதல் மாநகராட்சியே மாலைகளில் ஒலிபரப்பியது. வேலை முடிந்து மெரினாவுக்குக் காற்று வாங்கப் போனவர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டார்கள். தெருவிளக்கும் குடிநீரும் தருகிற மாநகராட்சி, பாட்டையும் தன் கடமைகளில் ஒன்றாக நினைத்த காலம் அது. அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977 ஜூலை 23 அன்று இங்கிருந்துதான் தொடங்கியது.

இன்று கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறது. ஆனால் நேற்றுக் கேட்டதை ஒட்டியே இன்றும் எடுத்துக் கொடுக்கிறது அது. வானொலியில் அடுத்து என்ன வரும் என்று தெரியாது. எங்கோ ஒரு கடையில் ஓடும் விவித் பாரதியில், பத்து வருடமாகக் கேட்காத பாட்டொன்று திடீரென்று காதில் விழுந்து, பஸ் வந்தும் ஏறாமல் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கைப்பேசியிலும் இப்படி ஒன்று செய்யலாம். வாரத்தில் ஓர் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்பது. இளையராஜா 1986-இல் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' அதற்கு நல்ல தொடக்கம். சொற்கள் இல்லாததால் காது வேறு மாதிரி வேலை செய்யும்.

இனிப் புத்தகம். 1977-இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆசம் பள்ளியில் தொடங்கியது சென்னைப் புத்தகக் காட்சி. அங்கே போனால் கண்ணும் கையும் அலைபாயும். பத்து விழுக்காடு தள்ளுபடி என்றதும் பலர் தடித்தடியாக வாங்கிவந்து, அவை அலமாரியில் இருந்து முறைக்க, வாசிக்கவில்லையே என்று மறுபடி கவலைப்படுவார்கள். இந்த முறை மெலிந்த புத்தகம் ஒன்று வாங்குங்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' போன்ற ஒன்று. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தெருவும் அங்கே வாழும் ஜமுனா என்ற பெண்ணும். லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றிருப்பவர் எவருக்கும் அந்தத் தெரு தெரிந்த தெருதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், உட்கார இடம் கிடைத்தால், சில நாட்களில் வாசித்துவிடலாம்.

ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்து வாசிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அலுவலகத்தில் காலாண்டுக்குக் காலாண்டு இலக்கை எட்டிக்கொண்டிருப்பவருக்கு வீட்டிலும் ஒன்றா? 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுக்கு மேல் கல்கியில் தொடராக வந்தது. நம் பாட்டிமார்கள் அதை வாரா வாரம் சில பக்கங்களாக வாசித்து, பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்தார்கள். அவர்கள் வேகமாக வாசிக்கவில்லை. வந்தியத்தேவன் அடுத்து என்ன செய்வான் என்று ஒரு வாரம் முழுக்க அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் வாசிப்புதான்.

விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குப் பொது நூலகம் இருக்கிறது. அது உங்களுடையது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது. நேரமில்லாத வாசகரை அப்போதே நினைத்திருக்கிறார் மனிதர். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இன்று அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. நீங்கள் தரும் வாடகையில் வீட்டுக்காரர் கட்டும் அந்தப் பைசாக்களும் அடக்கம். ஆகவே எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாராவுக்குள்ளும், 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள்ளும் கூச்சப்படாமல் நுழையுங்கள். கோட்டூர்புரத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து வாசிக்கவும் தனி இடம் உண்டு. நாலு பேர் தங்கும் அறையில் இடமும் அமைதியும் கிடைக்காதவர்களுக்கு அந்த நாற்காலி ஒரு வரம்.

பெண் வாசகர்கள் இதற்குள் ஒன்று கேட்டிருப்பார்கள்: இதெல்லாம் யாருக்கு? நியாயமான கேள்வி. 2019-இல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. அலுவலகத்தில் சமமாக உழைத்துவிட்டு வருகிற பெண்ணின் மாலை எங்கே போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதை வாசிக்கும் அண்ணன்களும் தம்பிகளும் கணவர்களும் ஒன்று செய்யலாம். அவர் கச்சேரிக்குப் போகும் நாளில் குழம்பை நீங்கள் வையுங்கள். வந்ததும் என்ன பாடினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். நண்பர் ஒருவர் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார், இன்னொருவர் மொட்டை மாடியில் செடி வளர்க்கிறார் என்றால், இதை யூடியூபில் போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். காசாகாத ஒரு காரியம் அவரிடம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெசன்ட் நகர் மணலில் சும்மா உட்கார்ந்து வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த நாள் வீணாயிற்று என்றும் சொல்லாதீர்கள்.

தை இதழில் சில பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இந்த மார்கழியில் கேட்ட ஒரு பாட்டு, வாசித்த ஒரு புத்தகம், அல்லது ஒன்றுமே செய்யாமல் கழித்த ஒரு மாலை பற்றி எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். அஞ்சலட்டையானாலும் சரி. எந்த ரயிலில், எந்த மாடியில், யாரோடு என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். எங்களுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்கள், மாலை என்பது உங்களுக்கு எப்போது வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்